நீலக் கோலி

வெர்லின் முதல் முறை செத்தபோது
மேசையே எழுந்து நின்றது.
டலூத் நகரில் இடுப்பளவு பனி.
சலவை இயந்திரம் ஓடும் என் நிலவறையில்
ஐந்து பேர், ஒரு வரைபடம், ஆறிப்போன பீட்சா.
இருபது முகப் பகடை உருண்டு
ஒன்றைக் காட்டி நின்றது.
பாலத்திலிருந்து விழுந்தான் அவனுடைய கோடாரி வீரன்.
டாக்னி அழுதாள், நிஜமாகவே.
அவள் மூக்கைச் சிந்திய காகிதத்தில்தான்
என் பூதப்படையின் கணக்கு இருந்தது.

பிறகு விதிநூலைப் புரட்டினோம்.
ஐநூறு பொன் பெறும் வைரம் ஒன்று,
மந்திரம் தெரிந்த பூசாரி ஒருத்தி,
ஒரு மணி நேரம்.
வைரத்துக்கு ஒரு நீலக் கோலியை வைத்தோம்.
எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றான்.
கைதட்டினோம். நானும்தான்.

இரண்டாம் முறை நாகத்தின் வயிற்றில்.
"வைரம் இருக்கா?" என்றான் பாவ்,
கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல்.
இருந்தது.
சாவு எங்களுக்குச் சுங்கச்சாவடி ஆகிவிட்டது.
சில்லறையை நீட்டு, கட்டை தூக்கும், போ.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கொலைக்கதை கட்டினேன்.
பிரபுவைக் கொன்றது யார்?
நஞ்சு தோய்ந்த மெழுகுவர்த்தி,
பொய் சொல்லும் தம்பி,
இரண்டு சாவி உள்ள ஒரு பெட்டி.
மூன்று வார உழைப்பு.
அவர்களுக்கு நாலு நிமிடம் போதுமாக இருந்தது.
பிணத்தை எழுப்பி அதனிடமே கேட்டார்கள்.
அதுவும் வெட்கமில்லாமல் சொல்லிவிட்டது.

பகலில் எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை.
புகைப்பவனுக்கு இவ்வளவு,
இரும்புச் சுரங்கத்தில் இறங்குபவனுக்கு இவ்வளவு என்று
சாவுக்கு விலை எழுதுகிறவள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி சாண்ட்விச்சில், உறைத்தது:
எல்லோருக்கும் தேவை என்றால்
வைரம் எப்படி ஐநூறு பொன்னிலேயே நிற்கும்?
அரசர்கள் பதுக்குவார்கள்.
கிழவன் ஐந்தாம் முறை எழுந்து அரியணையில் உட்கார
நரைத்த தலையோடு இளவரசன்
இன்னும் இளவரசனாகவே இருப்பான்.
மண் சரிந்து செத்தவனுக்கோ
அவன் தோண்டிய கல்லே எட்டாது.
விதியில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை.
விலையை மட்டும் திருத்தினேன்.

மூன்றாம் முறை அவன் செத்தது மார்ச்சில்.
மூட்டையில் இருந்தது ஒரே வைரம்.
பிணத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.
வாசலில் உப்பு விற்கிறவள் ஒருத்தி.
என் குறிப்பில் அவளுக்கு ஒரே வரி:
காலையிலிருந்து நிற்கிறாள்.
சும்மா கடந்து போயிருக்கலாம்.
"அவள் கையில் என்ன, சாக்குத்துணி சுற்றி?"
என்றாள் டாக்னி.
சொன்னேன்.

சலவை இயந்திரம் சுழன்று ஓய்ந்தது.
பாவ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.
செத்தவன் பேசக்கூடாது என்பது எங்கள் மேசை வழக்கம்.
ஆளாளுக்கு வெர்லினைப் பார்க்காமல் பார்த்தோம்.
கோடாரி முனைக்கு மட்டும்
ஒரு மாதம் வண்ணம் தீட்டியவன் அவன்.
அந்த ஈயப் பொம்மையை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
காபி போடுகிறேன் என்று மேலே போனான்.
படிக்கட்டு பதிமூன்று. எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்னி கோலியை விரலால் சுண்டினாள்.
வரைபடத்தின் மலைகளைத் தாண்டி,
ஆற்றைத் தாண்டி உருண்டு
உப்புக்காரிக்காக நான் வைத்திருந்த
சட்டைப் பொத்தானில் இடித்து நின்றது.

பதினோரு மணிக்கு
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஏரிப் பக்கம் ஏதோ கப்பல் உறுமியது.
"கோபமா?" என்றேன்.
"அந்தக் குழந்தைக்கு என்ன பேர்?"

நான் பேர் வைத்திருக்கவில்லை.

சுரண்டியைக் கையில் பிடித்தபடி,
என்ஜினை அணைக்காமல்,
நின்றுகொண்டிருந்தான்.